கடதாசி எங்கட சொல்லா, உங்கட சொல்லா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசிக்க நேரம் இருக்கிறவர்கள் உள்ளே வாருங்கள்.

நமக்கு ஊர் அக்கரைப்பற்று. ‘நான்’ என்று எழுத நமக்கு வராது. வீட்டில் ‘நாம’ என்றே பேசிப் பழகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். சில வருடங்களாகத் திருக்கோவிலில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறோம். காலையில் பொத்துவில் பஸ்ஸில் ஏறி, தம்பிலுவில் கடந்து இறங்கினால் கடல் காற்று முகத்தில் அடிக்கும். ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாட சனம் திரளும் சித்திர வேலாயுத சுவாமி கோவில் ஊர் அது. பாடசாலையில் தொப்பி போட்டவர் நாம் ஒருவர்தான்.

போன தவணையில் தரம் 8 வகுப்பில் நூலகம் சம்பந்தமான ஆங்கிலச் சொற்கள் படிப்பித்தோம். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். லைப்ரரி – நூலகம். லைப்ரேரியன் – நூலகர். ஷெல்ஃப் – தட்டு. கட்டலொக் – பட்டியல். மெகசின் – சஞ்சிகை. ரெஃபரன்ஸ் – உசாத்துணை. பிள்ளைகளும் வழக்கம்போலத் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார்கள்.

கடைசி வாங்கில் இருக்கிற ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். அதிகம் பேசாத பிள்ளை.

“சேர், பக்கத்தில இன்னொரு கோடு போடலாமா?”

“ஏன் மகள்?”

“கிரேக்கத்துக்கு.”

வகுப்பே சிரித்தது. நமக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டோம். இடைவேளைக்குக் கூப்பிட்டு விசாரித்தால், பிள்ளையின் தாய் நான்கு வருடமாக சைப்பிரசில் வீட்டு வேலைக்கு நிற்கிறாராம். அங்கே பேச்சு மொழி கிரேக்கம். கண் மங்கிய ஒரு முதிய பெண்ணைப் பார்த்துக்கொள்கிற வேலை. அந்தப் பெண்ணை எல்லோரும் ‘யாயா’ என்பார்களாம், நாம் அம்மம்மா, உம்மம்மா என்கிற மாதிரி. அவர் ஒரு காலத்தில் படிப்பித்தவராம். வீட்டில் ஓர் அறை நிறையப் புத்தகம். கிழமைக்கு ரெண்டு தரம் அதைத் தூசி தட்டித் துடைப்பதும் இந்தத் தாயின் வேலை.

“அதுக்கேன் மகள் கிரேக்கம்?” என்று கேட்டோம்.

“அம்மாவோட கதைக்க ஒண்டும் இல்ல சேர். சாப்பிட்டியா எண்டு கேப்பா. படிச்சியா எண்டு கேப்பா. அம்மம்மா மருந்து குடிச்சாவா எண்டு கேப்பா. பிறகு ரெண்டு பேரும் சும்மா இருப்பம். இதக் கேட்டா அம்மாக்கு விடை தெரியும்.”

இதற்கு நாம் என்ன சொல்ல? அடுத்த பாடவேளையில் மூன்றாவது கோட்டைப் போட்டோம்.

*

மூன்றாம் நாள் பிள்ளை அம்மம்மாவின் போனோடு வந்தாள். அதிபரிடம் கேட்டு அனுமதி வாங்கி, வகுப்பில் அந்தக் குரல் பதிவைப் போட்டோம். முதலில் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். பிறகு அப்படியே திருக்கோவில் தமிழ்.

“மகள், இந்தத் தட்டுக்கு ராஃபி எண்டு சொல்றவங்க. தூசிக்கு ஸ்கோனி. புத்தகத்துக்கு விவ்லீயோ. பேப்பருக்கு ஹர்த்தீ, குசினியில துடைக்கிற பேப்பருக்கும் அதான். சத்தம் போடாம இருக்கச் சொல்றதுக்கு இசிஹீயா, யாயா நித்திரை எண்டா அவட மகன் அப்பிடித்தான் சொல்வார். இந்த அறைக்கு விவ்லியோதீகி. வேற சொல்லும் கேட்டுச் சொல்றன்.”

வகுப்பு இப்போது சிரிக்கவில்லை. ஒரு பிள்ளை எழுந்து, “திருப்பிப் போடுங்க சேர், எழுதல்ல” என்றான்.

அன்றிரவு நாமும் அகராதிகளோடு உட்கார்ந்தோம். ஆசிரியர் பிள்ளைகளுக்கு ஒரு படி முன்னால் நிற்க வேண்டுமே. ஆனால் ஒவ்வொரு சொல்லாகத் தோண்டத் தோண்ட, படிப்பிக்க உட்கார்ந்த நாம்தான் படித்தோம்.

‘விவ்லியோதீகி’ என்பது இரண்டு சொல். விவ்லீயோ புத்தகம், தீகி பெட்டி அல்லது உறை. அங்கே கைபேசிக்குப் போடும் கவருக்கும் தீகிதான். அதாவது கிரேக்கருக்கு நூலகம் என்றால் புத்தகப் பெட்டி. பிரெஞ்சுக்காரரின் பிப்லியோதெக், ஜெர்மன்காரரின் பிப்லியோடேக், ரஷ்யரின் பிப்லியோதேகா எல்லாம் இந்தப் பெட்டியிலிருந்து வந்தவை. இசைத்தட்டு போட்டு ஆடும் இடத்துக்கு டிஸ்கோதெக் என்று பெயர் வைத்ததும் இதைப் பார்த்துத்தான்.

புத்தகத்துக்கு ஏன் ‘பிப்லியோ’ என்று பெயர்? பழைய கிரேக்கர் எழுதியது எகிப்தின் நைல் ஆற்றங்கரையில் வளர்ந்த பப்பைரஸ் புல்லில் செய்த தாளில். அது அவர்களுக்கு பிப்லோஸ் என்ற துறைமுகம் வழியாக வந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். அந்தத் துறைமுகம் இன்றைய லெபனானில் இருக்கிறது, அரபியில் ஜுபைல். நமது ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் லெபனானுக்கு வேலைக்குப் போய் வந்திருக்கிறார்கள்! பைபிள் என்ற பெயரும் அந்தக் கரையில் பிறந்ததே. பப்பைரஸ் ஆங்கிலத்தில் பேப்பர் ஆனது.

ஆங்கிலத்தின் லைப்ரரி வேறு குடும்பம். அது லத்தீனின் ‘லிபர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. லிபர் என்றால் மரத்தின் உள்பட்டை. அரபியின் மக்தபா ‘எழுது’ என்ற வேரில் பிறந்தது. கிதாபும் அதே வேர்தான்.

நமது நூலகம்? நூல் என்றால் இழை. மருதமுனைப் பிள்ளையிடம் ‘நூல்’ என்று சொல்லிப் பாருங்கள், அதற்கு முதலில் ஞாபகம் வருவது கைத்தறிதான், புத்தகம் பிறகுதான். பஞ்சைத் திரித்து நூலாக்குவது போலச் சொல்லைத் திரித்து ஆக்கியது என்பதால் புத்தகமும் நூல் ஆனது என்று நன்னூலும் உவமை சொல்கிறது. புல், பட்டை, எழுத்து, பஞ்சு. நான்கு ஊர்க்காரர் தங்கள் கைக்கு எட்டியதை வைத்து ஒரே அறைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

*

இனித்தான் நாம் சொல்ல வந்த விசயம்.

மறுநாள் வகுப்பில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போகும்போது கிதாபு, கலம் என்ற சொற்களையும் சொன்னோம். கலம் என்றால் எழுதுகோல். குர்ஆனில் ஒரு சூராவின் பெயரே அல்-கலம். முன்வாங்கில் இருந்த ஒரு பையன் சட்டென்று சொன்னான்:

“சேர், அது உங்கட சொல். எங்கட சொல் இல்லயே.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். ஆனாலும் வகுப்பு ஒரு கணம் அமைதியாகிவிட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் ‘உங்கட’, ‘எங்கட’ என்ற இரண்டு சொற்களின் பாரம் தெரியும். இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் பயந்து வாழ்ந்த வருடங்கள் உண்டு. 1990ஐ இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் மறக்கவில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு பாடசாலைகளில் எல்லோருடைய பையையும் திறந்து பார்த்தார்கள். நம்முடைய பையைப் பார்க்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாமாக இருந்தாலும் அந்த நேரம் அப்படித்தான் பார்த்திருப்போம். ஆனால் அன்றிலிருந்து வகுப்பில் அரபிச் சொல் ஒன்றையும் உச்சரிக்காமல் பார்த்துக்கொண்டோம். நாமே நமக்குப் போட்ட பூட்டு. அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய் தவறிக் கலம் வெளியே வந்தது.

அப்போது கடைசி வாங்குப் பிள்ளை கேட்டாள்: “அப்ப கடதாசி எங்கட சொல்லா, உங்கட சொல்லா சேர்?”

நல்ல கேள்வி. கடதாசி என்று அவர்களும் சொல்கிறார்கள், நாமும் சொல்கிறோம், சிங்களவரும் அப்படியே சொல்கிறார்கள். விடை நமக்கும் தெரியவில்லை. “நாளைக்குச் சொல்றோம்” என்று மணியடிக்கும் வரை சமாளித்தோம்.

இரவு தேடினால், கதை நமது வகுப்புக்கென்றே எழுதியது போல் இருந்தது. பப்பைரஸ் தாளுக்குப் பழைய கிரேக்கத்தில் கர்த்தேஸ் என்று பெயர். அதைக் கேட்ட அரபிகள் கிர்தாஸ் என்றார்கள். அரபிகளோடு பல நூற்றாண்டு கலந்து வாழ்ந்த போர்த்துக்கேயர் அதைக் கர்தாஸ் என்று எடுத்துக்கொண்டார்கள். போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். அவர்கள் வாயிலிருந்துதான் நமது கடதாசி.

இன்னொன்றும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் இந்து சமுத்திரத்தில் போகும் வணிகக் கப்பல்கள் போர்த்துக்கேயரிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அந்தச் சீட்டுக்கும் பெயர் கர்தாஸ். சீட்டு இல்லாவிட்டால் கப்பல் போகும், சரக்கும் போகும். முஸ்லிம் வணிகர்கள் தங்கள் கப்பலைக் காப்பாற்ற, அரபியில் பிறந்த பெயருள்ள ஒரு சீட்டை அந்நியனிடம் காசு கொடுத்து வாங்கினார்கள். சொல்லும் இரவல் போய், விலைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

மறுநாள் பலகையில் படம் கீறினோம். நடுவே சைப்பிரஸ், கீழே எகிப்து, கிழக்கே லெபனான், மேற்கே போர்த்துக்கல், வலது மூலையில் நமது கரை. அம்புக்குறி போட்டுக் கடதாசியை நடத்திக் கூட்டிவந்தோம்.

அதே கர்த்தேஸ் இன்னொரு பாதையிலும் நடந்திருக்கிறது. லத்தீனில் கார்த்தா, பிரெஞ்சில் கார்த், ஆங்கிலத்தில் கார்ட். ‘லைப்ரரி கார்ட்’ என்கிறோமே, அந்தக் கார்ட்டும் நமது கடதாசியும் ஒரு தாய் பிள்ளைகள். ஒன்று மேற்கே போய் ஆங்கிலம் பேசிக்கொண்டு வந்தது, மற்றது கடல் வழியாக வந்து தமிழ் பேசுகிறது. சைப்பிரசில் இருக்கும் தாய் குசினியில் எடுக்கும் ஹர்த்தீயும் அவர்கள் கூடப்பிறந்ததுதான்.

“அப்ப உங்கட கலம்?” முன்வாங்குப் பையன் விடவில்லை.

அதையும் பார்த்து வைத்திருந்தோம். கிரேக்கத்தில் நாணலுக்குக் கலமோஸ் என்று பெயர். நாணலைச் சீவித்தான் பேனா செய்தார்கள். அரபியின் கலம் அங்கிருந்து வந்தது என்பது மொழியறிஞர் கருத்து. “ஆக தம்பி, அது எங்கட சொல்லும் இல்ல போல” என்றோம். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான்.

மெகசின் அரபி. மக்ஸன் என்றால் களஞ்சியம், பன்மை மகாஸின். 1731இல் லண்டனில் ஒருவர் பல விசயங்களை அடுக்கிய தன் பத்திரிகைக்கு இந்தப் பெயரை வைத்தார், அது உலகத்துக்கே பெயராகிவிட்டது. நமது கஜானாவுக்கும் அதே வேர்தான். புத்தகம் வைக்கும் அலுமாரி போர்த்துக்கேயம். பிள்ளைகள் இருக்கும் வாங்கும் போர்த்துக்கேயம். நமது மேசை லாச்சி டச்சு.

இதில் நமக்கு மிகவும் பிடித்தது ராஃபி. தாய் துடைக்கிற தட்டு. சுத்தக் கிரேக்கம் என்று நினைத்தோம். பார்த்தால் அது துருக்கியிலிருந்து கிரேக்கத்துக்குப் போன ‘ரஃப்’. துருக்கிக்குப் போனது அரபியிலிருந்து. அரபியில் ரஃப்பு என்றால் தட்டு. கிரேக்கர் அரபிகளுக்குக் கடதாசியும் பேனாவும் கொடுத்தார்கள். அரபிகள் அதில் எழுதிய புத்தகங்களை அடுக்கி வைக்கத் தட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவரும் மற்றவரிடம் கணக்குக் கேட்கவில்லை.

“அப்ப எங்கட சொல் எது சேர்?” என்று ஒரு குரல். கொஞ்சம் கவலையான குரல்.

பலகையைக் காட்டினோம். நூல் நம்முடையது. ஏடு நம்முடையது. உசாத்துணை நம்முடையது. உசாவுதல் என்றால் கேட்டு அறிதல். பழைய தமிழில் உசாத்துணை என்றால் மனம் விட்டுக் கேட்கக்கூடிய தோழமை. ஆங்கிலத்தில் ரெஃபரன்ஸ் என்கிற அகராதியையும் கலைக்களஞ்சியத்தையும் இலங்கைத் தமிழர் ‘கேட்க ஒரு துணை’ என்று பெயரிட்டு அழைக்கிறார்கள். இதைவிட என்ன வேண்டும்? பிறகு இரவல். அதுவும் நம்முடையது. இரத்தல், அதாவது கேட்டு வாங்குதல்.

இந்த இரவலில்தான் ஆங்கிலப் பாடத்தின் பெரிய சிக்கல் இருக்கிறது. பொரோ, லெண்ட் இரண்டையும் பிள்ளைகள் மாற்றி மாற்றி எழுதுவார்கள். நாமும் வருடா வருடம் சிவப்புப் பேனாவால் சுழிப்போம். பிழைக்குக் காரணம் அவர்களின் மொழிதான். தமிழில் வாங்கினாலும் இரவல், கொடுத்தாலும் இரவல். ஆங்கிலத்துக்குத்தான் இரண்டு சொல் வேண்டும். கிரேக்கம் நமது பக்கம். கொடுப்பதற்குத் தானீஸோ, வாங்குவதற்குத் தானீஸோமே. ஒரே வினை, வால்தான் வேறு. நூலகத்தில் இரவல் பகுதிக்குத் தானிஸ்மோஸ்.

“ஆங்கிலத்தில் கொடுக்கிறவர் ஒரு சொல், வாங்குகிறவர் வேறு சொல். நம்மட மொழியில ரெண்டு பேரும் ஒரு சொல்லுக்குள்ள இருக்கிறோம்” என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னோம்.

அப்போதுதான் அந்தப் பிள்ளை கேட்டாள்: “சேர், அப்ப நம்மட அலுமாரியில இருந்து ஒரு புத்தகம் இரவல் தருவீங்களா?”

*

உண்மையைச் சொல்கிறோம். பாடசாலை நூலகத்துக்குப் பொறுப்பு நாம்தான். நூலகம் என்று சொல்வது ஓர் அறையின் பாதியை. கண்ணாடிக் கதவு போட்ட மூன்று அலுமாரிகள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளோடு பாடசாலைப் புத்தகங்களும் போயின. பிறகு அங்கிருந்தும் இங்கிருந்தும் வந்த அன்பளிப்புகள்தான் இப்போது அலுமாரியில் பாதி. அவற்றைப் பூட்டி, திறப்பை நமது லாச்சியில் வைத்திருந்தோம். வருட இறுதியில் பொருட்கணக்கு எடுக்க வருவார்கள். ஒரு புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நாம். வெளியூர்க்காரர், அதிலும் வேறு சமூகத்தவர், நமது பொறுப்பில் ஒன்று குறையக் கூடாது என்ற பயம் கூடுதலாக இருந்தது. ஆகவே ஒன்றும் குறையவில்லை. ஒவ்வொரு வருடமும் கணக்குச் சரி. வருடக்கணக்காக ஒரு பிள்ளையும் ஒரு புத்தகத்தையும் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. அந்தக் கணக்கை ஒருவரும் எடுக்கவில்லை.

நூலகச் சொற்கள் எல்லாம் கிரேக்கம் வரைக்கும் போய்ப் படிப்பித்தவர், நூலகத்தைத் திறக்காதவர்.

அன்று பஸ்ஸில் வரும்போது இரண்டு பேரை நினைத்தோம். ஒருவர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். மற்றவர் தமிழ்நாட்டுச் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். இருவரும் பிறந்தது ஒரே வருடம், 1892. விபுலாநந்தர் 1930களில் சென்னையில் அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் வேலையில் முன்நின்றவர். கல்முனைப் பக்கத்து மணலில் நடந்த ஒருவர்! அவருக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது. ஆனால் யாழ் நூல் எழுதும்போது கிரேக்க இசைவரை போய்ப் பார்க்கவும் அவர் தயங்கவில்லை.

ரங்கநாதன் நம்மைப்போல ஓர் ஆசிரியர், கணிதம் படிப்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். போன புதிதில் அந்த வேலை பிடிக்காமல், திரும்ப வகுப்பறைக்கே அனுப்புங்கள் என்று கேட்டவர். பிறகு லண்டனுக்குப் போய் நூலகங்களைப் பார்த்து வந்தபின் ஆளே மாறிவிட்டார். 1933இல் அவர் வெளியிட்ட நூல் பகுப்பு முறைக்கு வைத்த பெயர் கோலன். அதுவும் கிரேக்கச் சொல்தான். ஆனால் நமக்கு உறைத்தது 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது. புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கு என்பதுதான் அதன் சாரம். ஐரோப்பாவில் ஒரு காலம் புத்தகங்களைச் சங்கிலியால் தட்டோடு கட்டி வைத்திருந்தார்கள். அதைப் படித்து நாம் சிரித்திருக்கிறோம். நமது லாச்சிக்குள் கிடந்த திறப்பும் அதே சங்கிலிதான்.

இந்த நாட்டில் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள். அதைப் பற்றி மேடையில் பேசும்போது நாமும் கோபப்பட்டிருக்கிறோம். எரிப்பதும் பூட்டுவதும் ஒன்றல்ல, அது தெரியும். ஆனால் பூட்டிய அலுமாரிக்கு வெளியே நிற்கிற பிள்ளைக்குக் கையில் கிடைப்பது என்னவோ ஒன்றுதான்.

மறுநாள் அலுமாரியைத் திறந்தோம். ஸ்கோனி, ஸ்கோனி என்று பிள்ளைகள் கத்திக்கொண்டே தூசி தட்டினார்கள். ஒரு கொப்பியில் கோடு போட்டு, பெயர், புத்தகம், எடுத்த திகதி, தரும் திகதி என்று எழுதினோம். அட்டையில் ‘இரவல்’ என்று எழுதியது அந்த முன்வாங்குப் பையன். கீழே தானிஸ்மோஸ் என்றும் எழுதினான். சின்னதாக, யாரும் கேட்காமலே, கிதாபு என்றும் எழுதினான். நாம் அதைக் கண்டும் காணாதவர் போல அங்கால் போய்விட்டோம். கண்ணில் தூசி விழுந்திருந்தது.

*

நல்ல முடிவு என்று நினைக்க வேண்டாம். முதல் மாதத்திலேயே இரண்டு புத்தகம் திரும்பி வரவில்லை. ஒன்று மழையில் நனைந்து வந்தது. பொருட்கணக்குக்கு வருகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கிறோம். ஆனால் கொப்பியில் இதுவரை 61 வரி நிரம்பியிருக்கிறது. அதையே காட்டலாம் என்று இருக்கிறோம்.

பிள்ளையின் தாய் இந்த வருடம் வருவதாக இருந்தது. ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம் கூடியிருக்கிறது. வீட்டுக் கடன் முடியவில்லையாம். அந்தச் செய்தி வந்த அன்று பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை. அடுத்த நாள் வந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

போன கிழமை மறுபடி போனைக் கொண்டுவந்தாள். தாயின் குரல்:

“சேருக்குச் சொல்லு மகள். நீ சொன்ன கடதாசிக் கதைய நான் யாயாக்குச் சொன்னன். எனக்குத் தெரிஞ்ச கிரேக்கத்தில அரையும் குறையுமாச் சொன்னன். யாயா விளங்கிற்றா. கடதாசி, கடதாசி எண்டு நாலு தரம் சொல்லிப் பாத்தா. பிறகு என்ன அந்த அறைக்குக் கூட்டிப்போய், ராஃபியில இருந்து ஒரு புத்தகம் எடுத்துத் தந்தா. சின்னப் பிள்ளைகள்ர படப் புத்தகம். தினம் ஒரு பக்கம் எனக்குப் படிப்பிக்கப் போறாவாம். நாலு வருசமாத் துடைச்சன் மகள், ஒண்டையும் திறந்து பாக்கல்ல. இப்ப தானிஸ்மோஸ்.”

பிள்ளை அந்தக் கடைசிச் சொல்லுக்கு மட்டும் சிரித்தாள். பிறகு நம்மிடம் சொன்னாள்: “இப்ப ராவில அர மணித்தியாலம் கதைக்கிறம் சேர். அம்மா ஒரு பக்கம் வாசிப்பா. நான் ஒரு பக்கம் வாசிப்பன்.”

இதை எழுதச் சொன்னதும் அவள்தான். பெயர் போட வேண்டாம் என்றும் சொன்னாள்.

இவ்வளவு தூரம் வாசித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் யாராவது சைப்பிரசில், இத்தாலியில், லெபனானில், கட்டாரில் நிற்பார்கள். அடுத்த முறை எடுக்கும்போது, ‘சாப்பிட்டீங்களா’வுக்குப் பிறகு, அங்கே தட்டுக்கும் தூசிக்கும் கடதாசிக்கும் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். தெரிந்த சொல்லைச் சொல்லும்போது அவர்களின் குரல் மாறும். அதைக் கேட்பதற்காகவாவது கேளுங்கள்.

அக்கரைப்பற்று, திருக்கோவில், தம்பிலுவில் பக்கம் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. வாசித்து முடித்த சிறுவர் புத்தகம் வீட்டில் கிடந்தால் சொல்லுங்கள். பஸ்ஸில் வந்து எடுத்துக்கொள்கிறோம். மூன்றாவது அலுமாரியில் இரண்டு தட்டு இன்னும் வெறுமையாக இருக்கிறது. திறப்பு இப்போது கதவிலேயே தொங்குகிறது.